பவர் ஆம்ப்பை வீட்டில் பொருத்துதல்

பவர் ஆம்ப்ளிஃபையருக்கு ஒரே வேலைதான். ப்ரீ ஆம்ப்போ சிடி பிளேயரோ கொடுக்கும் ஓரிரண்டு வோல்ட் சிக்னலை வாங்கி, ஸ்பீக்கரின் கூம்பை முன்னும் பின்னும் தள்ளும் வலுவோடு வெளியே அனுப்புகிறது. பாட்டைத் தேர்ந்தெடுப்பது, பாஸ் கூட்டுவது, ட்ரெபிள் குறைப்பது எல்லாம் அதற்கு முன்னால் முடிந்துவிடும் காரியங்கள். பல பவர் ஆம்ப்களில் வால்யூம் குமிழே கிடையாது. குமிழ் இருந்தாலும் அது உள்ளே வரும் சிக்னலைத்தான் கட்டுப்படுத்தும். ஆம்ப்பின் முழு வலு பின்னால் எப்போதும் தயாராக நிற்கும். சாதாரண பவர் ஆம்ப் ஒன்று சிக்னலை ஏறக்குறைய 20 மடங்கு பெருக்கும். ஒரு வோல்ட் உள்ளே போனால் 20 வோல்ட் வெளியே வரும். 8 ஓம் ஸ்பீக்கரில் அது 50 வாட். கைப்பேசியின் ஹெட்போன் துளையிலிருந்தே ஒரு வோல்ட்டுக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும் என்பதை நினைத்துப் பார்த்தால், வால்யூம் குமிழ் இல்லாத ஆம்ப்பில் கைப்பேசியை நேரே செருகிவிட்டுப் பாட்டைத் திறப்பது எவ்வளவு துணிச்சலான காரியம் என்பது விளங்கும்.

குளிர்நாடுகளில் எழுதப்படும் கையேடுகள் ஸ்பீக்கரை எங்கே வைப்பது என்பதில் தொடங்கும். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஈப்போவிலோ, சுங்கை சிப்புட், தாப்பா, தெலுக் இந்தான் பக்கத்துப் பழைய ரப்பர்த் தோட்டங்களிலோ ஆம்ப் பொருத்துகிறவர் தொடங்க வேண்டிய இடம் சுவர்ச் சாக்கெட். இங்கே முதலில் அஞ்ச வேண்டியவை இடி, ஈரம், எர்த் இல்லாத வயரிங். ஒலியின் நயமெல்லாம் அவற்றுக்குப் பிறகு.

சுவர்ச் சாக்கெட்

மலேசியாவில் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். மேலே 10 விழுக்காடு, கீழே 6 விழுக்காடு வரை ஏறி இறங்கலாம் என்பது நிர்ணயம். அதாவது 216 முதல் 253 வோல்ட் வரை. முன்பு 240 வோல்ட் என்றிருந்ததால் பழைய ஆம்ப்களின் முதுகில் 240 என்றே அச்சிட்டிருக்கும். அதனால் ஒரு கெடுதலும் இல்லை.

பேராக்கில் மின்சாரம் வந்த கதை ஊருக்கு ஊர் வேறு. பேராக் ஆற்றின் சென்டெரோ அணை 1930இல் இயங்கத் தொடங்கி, ஈயச் சுரங்கங்களுக்கும் அவற்றை ஒட்டி வளர்ந்த ஊர்களுக்கும் மின்சாரம் தந்தது. தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயங்களுக்கு அந்த வசதி உடனே எட்டவில்லை. பல தோட்டங்களில் நிர்வாகத்தின் ஜெனரேட்டர் ஓடும் சில மணி நேரம்தான் விளக்கு. பிற்பாடு மின்வாரியக் கம்பி வந்தபோதும் ஒரு வீட்டுக்கு இரண்டு மூன்று விளக்கு, ஒரு பிளக் என்ற அளவில்தான் வயரிங் போட்டார்கள். அதன்மேல் டிவி, ஃபிரிட்ஜ், துணி துவைக்கும் எந்திரம் என்று ஒவ்வொன்றாக வந்து சேர, பலகைச் சுவரில் ஆணியடித்து இழுத்த வயர்கள் கூடிக்கொண்டே போயின. தோட்டம் துண்டாடப்பட்டோ செம்பனைக்கு மாறியோ போன பிறகும் ஆள் குடியிருக்கும் இப்படிப்பட்ட வீடுகளில் பவர் ஆம்ப் வைக்கும் முன், வயரிங்கைப் பார்க்காமல் ஒரு வேலையும் செய்யக்கூடாது. ஈப்போவில் 1970கள், 80களில் கட்டிய தாமான் குடியிருப்புகளின் வரிசை வீடுகளுக்கும் இது பொருந்தும்.

எர்த் இருக்கிறதா என்பதைச் சாக்கெட்டின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. மூன்று துளையும் ஒழுங்காக இருக்கும். மேல் துளைக்குப் பின்னால் கம்பியே இருக்காது. ஹார்ட்வேர் கடைகளில் மூன்று சிறு விளக்குகள் கொண்ட சாக்கெட் டெஸ்டர் கிடைக்கும். அதைச் செருகினால், எர்த் இல்லை என்பதையும் லைவும் நியூட்ரலும் இடம் மாறியிருப்பதையும் விளக்குகள் எரியும் விதமே காட்டிவிடும். எர்த் கம்பி இருந்தும் அது துருப்பிடித்துப் பலவீனமாகியிருந்தால் டெஸ்டருக்குத் தெரியாது; அதற்கு மீட்டரோடு வயர்மேன் வர வேண்டும். சுருஹான்ஜாயா தெனாகா எனப்படும் எரிசக்தி ஆணையத்தில் பதிந்த வயர்மேனைத்தான் அழைக்க வேண்டும். மின்கசிவு கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி வீட்டின் டிபி பெட்டியில் இருக்கும்; பலர் அதை இன்னும் இஎல்சிபி என்றே சொல்வார்கள். அதே வருகையில் அதையும் சோதித்துக் கொள்ளலாம். எத்தனை கசிவில் அது துண்டிக்க வேண்டும் என்பதில், 1994ஆம் ஆண்டு மின்சார ஒழுங்குவிதிகளின்படி கையில் பிடித்துப் பயன்படுத்தும் கருவிகளுக்கு 30 மில்லிஆம்பியர், ஈரமான இடங்களுக்கு 10, மற்றவற்றுக்கு 100 மில்லிஆம்பியர் வரை அனுமதி. வீடு முழுவதற்கும் ஒரே 100 மில்லிஆம்பியர் கருவி இருந்தால், அது பெரிய கசிவைத் துண்டிக்குமே தவிர ஆளுக்குப் போதிய காவலாகாது. உலோக உடம்புள்ள பவர் ஆம்ப்பும் சிறுபிள்ளைகளும் ஒரே அறையில் இருந்தால், அந்தச் சாக்கெட் வரிசைக்கு 30 மில்லிஆம்பியர் கருவி போடுவது செலவுக்குத் தகும்.

அடுத்தது டூ பின் பிளக். சதுரப் பின் சாக்கெட்டின் எர்த் துளையில் பேனாவின் பின்பக்கத்தையோ ஸ்க்ரூடிரைவரையோ குத்தி, உள்ளே இருக்கும் தடுப்பைத் திறந்து, உருண்டைப் பின்னை அமுக்கிச் செருகுவது மலேசிய வீடுகளில் எல்லாரும் அறிந்த வித்தை. கைப்பேசி சார்ஜருக்கே அது தவறு. பவர் ஆம்ப்புக்கு இன்னும் மோசம்: பின் தளர்வாக நிற்பதால் பொறி பறக்கும், சாக்கெட்டின் பிடி விரிந்து போகும், பிளக்கினுள் இருக்க வேண்டிய ஃபியூஸும் வழியில் இல்லாமல் போகும். மலேசியத் தரச்சான்றான சிரிம் முத்திரையும் உள்ளே ஃபியூஸும் உள்ள அடாப்டர் சில வெள்ளிதான். ஆம்ப்போடு மூன்று பின் பிளக் வந்திருந்தால், அதிலுள்ள ஃபியூஸ் எத்தனை ஆம்பியர் என்று உற்பத்தியாளர் குறித்திருக்கிறாரோ அதையே போட வேண்டும்.

ஜப்பானிலிருந்து வரும் பழைய ஆம்ப்கள் பார்க்க அழகானவை. விலையும் சில சமயம் ஆசை காட்டும். முதுகுப் பலகையைப் படிக்காமல் வாங்கக்கூடாது. ஜப்பானின் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். 100 என்று மட்டும் அச்சிட்ட ஆம்ப்பை 230 வோல்ட்டில் செருகினால் ஃபியூஸோடு நின்றால் அதிர்ஷ்டம். வோல்ட் மாற்றும் சிறு சுவிட்ச் பின்னால் இருந்தால் அதை 220 அல்லது 240க்குத் திருப்பிவிட்டுத்தான் பிளக்கைத் தொட வேண்டும். சுவிட்ச் இல்லாவிட்டால் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் வேண்டும். ஆம்ப்பின் முதுகில் 300 வாட் என்றிருந்தால் டிரான்ஸ்பார்மர் 500 விஏவுக்குக் குறையக்கூடாது. அமெரிக்கக் கருவிகளில் 60 ஹெர்ட்ஸ் என்று மட்டும் இருந்தால், வோல்ட்டைச் சரிசெய்த பிறகும் உள்ளிருக்கும் டிரான்ஸ்பார்மர் 50 ஹெர்ட்ஸில் கூடுதலாகச் சூடாகும்.

இடி

ஏப்ரல், மே மாதங்களும் அக்டோபர், நவம்பரும் பருவக்காற்று மாறும் காலம். ஈப்போ இருக்கும், சுண்ணாம்புக் குன்றுகள் சூழ்ந்த கிந்தா பள்ளத்தாக்கில் அந்த மாதங்களில் பிற்பகல் மூன்று நான்கு மணிக்கு மேகம் கறுப்பதும் இடி இறங்குவதும் சாதாரணம். தீபாவளியும் அக்டோபர், நவம்பரில்தான் வருகிறது. ஆம்ப் அதிகம் பாடும் நாட்களும் இடி அதிகம் விழும் நாட்களும் ஒன்றாகிவிடுகின்றன.

சர்ஜ் புரொடெக்டர் உள்ள நீள்பெட்டி (எக்ஸ்டென்ஷன்) வாங்குவது நல்லதுதான். ஆனால் அது மிகையான வோல்ட்டை எர்த்துக்கும் நியூட்ரலுக்கும் திருப்பிவிடும் கருவி. எர்த் இல்லாத சாக்கெட்டில் அதன் பாதி வேலை நடக்காது. உள்ளிருக்கும் பாகம் ஒவ்வோர் அடியிலும் தேய்ந்துகொண்டே வரும். பாதுகாப்பு விளக்கு அணைந்துவிட்டால் அது வெறும் நீள்பெட்டிதான். அருகிலேயே விழும் இடியை எந்தப் பெட்டியும் தாங்காது. பிளக்கைக் கழற்றுவது ஒன்றே உறுதியான வழி. சுவர் சுவிட்சை அணைத்தால் போதும் என்று நினைப்பவர் உண்டு. சுவிட்சினுள் இருக்கும் இடைவெளி சில மில்லிமீட்டர், மேகத்திலிருந்து தரை வரை பாய்ந்து வந்த மின்னலுக்கு அது ஒரு தடையே இல்லை. டிவி ஆண்டெனா, ஆஸ்ட்ரோ சாட்டிலைட் தட்டு ஆகியவற்றின் கேபிள்களும் ஆம்ப்போடு சேர்ந்த கருவிகளுக்குள் இடியைக் கொண்டுவரும் வழிகள். அவற்றையும் கழற்ற வேண்டும். ஃபைபர் இணையக் கம்பி கண்ணாடி என்பதால் அதன் வழியே பெரும்பாலும் மின்சாரம் வராது, ஆனால் மோடத்தின் அடாப்டர் வழியே வரும். எல்லாவற்றையும் இடி தொடங்கும் முன் கழற்ற வேண்டும். தலைக்கு மேல் வந்த பிறகு கம்பியைத் தொடாமல் இருப்பதே மேல்.

எத்தனை வாட்

கடையில் முதலில் கேட்கப்படும் எண் இதுதான். அதிகம் ஏமாற்றுவதும் இதுதான். பிஎம்பிஓ (கண நேர உச்ச வாட்) என்று போட்ட எண்ணுக்குப் பொருளே கிடையாது. இணையச் சந்தையில் 1000 வாட் என்று விற்கும் சின்னஞ்சிறு கிளாஸ் டி பெட்டியோடு 24 வோல்ட், 5 ஆம்பியர் அடாப்டர் வருகிறது என்றால், உள்ளே போவதே 120 வாட். அதைவிடக் கூடுதல் தொடர்ந்து வெளியே வர வழியில்லை. அப்படிப்பட்ட பெட்டிகள் பலவற்றில் இருக்கும் டிபிஏ3116 சிப், 4 ஓம் ஸ்பீக்கரில் சேனலுக்கு 50 வாட் தரக்கூடியது. அந்த அளவில் அது நல்ல சிப். 1000 என்று அட்டையில் அச்சிட்டவர்தான் பொய் சொல்கிறார். சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில் கிடைக்கும் அசெம்பிள் செய்த போர்டுகளிலும் இதே கவனம் வேண்டும். 5200, 1943 என்ற எண் பொறித்த டிரான்சிஸ்டர் ஜோடி அவற்றில் பிரபலம். அந்த எண்களைப் பொறித்த போலிகளும் அதே அளவு பிரபலம்.

தேவை எவ்வளவு என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஸ்பீக்கரின் உணர்திறன் 88 டெசிபல் என்றால், ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி நின்றால் 88 டெசிபல் கேட்கும். இரண்டு ஸ்பீக்கர் சேர்ந்தால் 3 டெசிபல் கூடும். மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் திறந்தவெளியில் 9 டெசிபலுக்கு மேல் குறையும், அறைக்குள் சுவர்கள் கொஞ்சம் திருப்பித் தருவதால் இழப்பு அதைவிடக் குறைவு. ஆக, வரிசை வீட்டின் ஹாலில் ஒரு வாட்டே ஏறக்குறைய 85 டெசிபல் தந்துவிடுகிறது. பக்கத்தில் இருப்பவரோடு குரலை உயர்த்திப் பேச வேண்டிய சத்தம் அது. பிறகு எதற்கு 50 வாட்? திடீர் அடிகளுக்கு. மின்னல் எஃப்எம் வானொலியின் ஒலிபரப்பில் உரத்ததும் மெல்லியதும் ஓரளவு சமப்படுத்தப்பட்டே வரும். நல்ல பதிவில் தவிலின் ஓர் அடியோ, ஈப்போ கல்லுமலைக் கோயில் தைப்பூசத்தில் கேட்பது போன்ற உறுமி மேளத்தின் வீச்சோ சராசரியைவிட 15 டெசிபல் மேலே எழும். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் வாட் இரட்டிப்பாக வேண்டும். 15 டெசிபலுக்கு ஒரு வாட் 32 வாட் ஆகிவிடும். உண்மையான 50 வாட் உள்ள ஆம்ப் அந்த ஹாலுக்குப் போதும். 100 வாட் வாங்கினால் கூடுதலாகக் கிடைப்பது 3 டெசிபல்தான். காதுக்கு அது சற்றே கூடிய சத்தம், இருமடங்கு அல்ல.

ஸ்பீக்கரில் 60 வாட் என்றிருந்தால் 30 வாட் ஆம்ப் பாதுகாப்பானது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. சிறிய ஆம்ப்பை எல்லைக்கு மேல் முறுக்கினால் அலையின் உச்சி வெட்டுப்படும். கிளிப்பிங் எனப்படும் இந்த நிலையில் மேல்சுருதிப் பகுதியில் மின்சாரம் பெருகும், அது ட்வீட்டரைக் கருக்கும். ஒலி கரகரக்கத் தொடங்கியதும் குமிழைக் குறைப்பவருக்கு எந்த ஆம்ப்பும் பாதுகாப்பானதுதான்.

ஓம் கணக்கு

ஆம்ப்பின் முதுகில் 4 முதல் 8 ஓம் என்றிருந்தால் அதற்குக் கீழே போகக்கூடாது என்று பொருள். 8 ஓம் ஸ்பீக்கர் இரண்டை ஒரே சேனலில் பக்கம் பக்கமாக இணைத்தால் 4 ஓம். 4 ஓம் இரண்டை இணைத்தால் 2 ஓம். பண்டிகைக்கால ‘திறந்த இல்ல’ விருந்தன்று வாசலுக்கும் ஒரு ஜோடி ஸ்பீக்கர் வேண்டும் என்று இழுக்கும்போதுதான் இந்தக் கணக்கு மறந்து போகும். ஆம்ப் சிறிது நேரம் பாடும், சூடேறும், பாதுகாப்பு விளக்கு எரிந்து அடங்கிவிடும். நல்ல பாதுகாப்புச் சுற்று இல்லாத ஆம்ப் என்றால் டிரான்சிஸ்டர் போய்விடும்.

பிரிட்ஜ் என்ற சுவிட்ச் இரண்டு சேனலையும் எதிரெதிராக இயக்கி ஒரே ஸ்பீக்கருக்குத் தருகிறது. வோல்ட் இரட்டிப்பாவதால் வாட் கோட்பாட்டளவில் நான்கு மடங்கு வரை போகும். ஆனால் ஒவ்வொரு சேனலும் ஸ்பீக்கரின் பாதி ஓம்தான் உணரும். எனவே ஸ்டீரியோவில் 4 ஓம் தாங்கும் ஆம்ப்புக்குப் பிரிட்ஜில் 8 ஓம் குறைந்தபட்சம். வீட்டு ஹாலுக்கு இது தேவைப்படுவதே அபூர்வம். பிரிட்ஜ் நிலையிலும், பல கிளாஸ் டி ஆம்ப்களிலும் கறுப்பு முனை எர்த்தோடு சேர்ந்தது அல்ல. இரண்டு ஸ்பீக்கரின் கறுப்பு முனைகளை ஒன்றாக முறுக்குவதோ ஆம்ப்பின் உடம்பில் தொடவிடுவதோ ஆம்ப்பைக் கெடுக்கும்.

தோட்டக் கோயில்களிலும் கல்யாண மண்டபங்களிலும் ஓடிய பழைய ஆம்ப்கள், தோட்டம் மூடிய பிறகு வீடுகளுக்கு வந்து சேர்வதுண்டு. அவற்றின் பின்னால் 4 ஓம், 8 ஓம் முனைகளோடு 70 வோல்ட், 100 வோல்ட் என்ற முனைகளும் இருக்கும். தொலைவில் பல குழாய் ஸ்பீக்கர்களை ஒரே கம்பியில் ஓட்டுவதற்கான ஏற்பாடு அது. 100 வோல்ட் வரிசையில் 10 வாட் எடுக்கும் குழாய் ஸ்பீக்கரின் டிரான்ஸ்பார்மர் ஆம்ப்புக்கு 1000 ஓமாகத் தெரியும். வீட்டு ஸ்பீக்கரை அந்த முனையில் மாட்டினால் ஸ்பீக்கரோ ஆம்ப்போ, ஒன்று போய்விடும். வீட்டுக்கு 8 ஓம் முனையை மட்டும் பயன்படுத்தலாம். ஆனால் இவ்வகை ஆம்ப்கள் பெரும்பாலும் ஒற்றைச் சேனல்; குரல் தொலைவுக்குக் கேட்பதற்காகச் செய்தவை. ஸ்டீரியோ இசைக்கு அவற்றை வைத்துப் போராடுவது வீண்.

கம்பிகள்

ஸ்பீக்கர் கம்பிக்குச் செம்பின் தடிமனைத் தவிர வேறு எதையும் பார்க்கத் தேவையில்லை. போக வர உள்ள மொத்தத் தடை ஸ்பீக்கரின் ஓமில் 5 விழுக்காட்டுக்குள் இருந்தால் போதும். ஐந்து மீட்டர் தொலைவுக்கு 0.75 சதுர மில்லிமீட்டர் கம்பி இழுத்தால் 0.23 ஓம், 8 ஓம் ஸ்பீக்கருக்குச் சரி, 4 ஓமுக்கு எல்லை தாண்டும். 2.5 சதுர மில்லிமீட்டர் என்றால் 0.07 ஓம்தான், இரண்டுக்கும் தாராளம். மலிவான கம்பிகளில் அலுமினியத்தின்மேல் செம்பு பூசியவை உண்டு. நுனியைக் கத்தியால் சுரண்டினால் வெள்ளையாகத் தெரியும். அவற்றின் தடை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு, எனவே ஒரு படி தடித்ததாக வாங்க வேண்டும். மீட்டருக்கு நூறு வெள்ளி விலை சொல்லும் கம்பிகளால் இந்தக் கணக்கில் மாறுவது எதுவுமில்லை.

நுனியை ஒரு சென்டிமீட்டர் உரித்து, இழைகளைக் கெட்டியாக முறுக்கி, முனையில் செருகித் திருகியபின் ஓர் இழைகூட வெளியே நீண்டு பக்கத்து முனையைத் தொடவில்லை என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். ஈரக்காற்றில் வெறும் செம்பு சில மாதங்களில் கறுத்துப் பச்சை பூக்கும். பனானா பிளக் போட்டால் அந்தத் தொல்லை குறையும். போடாவிட்டால் வருடத்துக்கு ஒருமுறை கறுத்த நுனியை வெட்டிப் புதிதாக உரிக்க வேண்டும். சிவப்பு சிவப்புக்கு, கறுப்பு கறுப்புக்கு. ஒரு ஸ்பீக்கரில் மட்டும் மாறிவிட்டால் எதுவும் எரியாது, ஆனால் பாஸ் மெலிந்து, பாடுபவரின் குரல் நடுவில் நிற்காமல் அறையெங்கும் கலைந்துவிடும். சந்தேகமிருந்தால் ஆம்ப்பிலிருந்து கழற்றிய கம்பியின் நுனிகளில் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொட்டுப் பார்க்கலாம்: பேட்டரியின் பிளஸ் சிவப்பைத் தொட்டால் வூஃபர் கூம்பு பெரும்பாலான ஸ்பீக்கர்களில் வெளியே வரும். முக்கியம், இரண்டு ஸ்பீக்கரும் ஒரே பக்கம் நகர்வது.

சிக்னல் கம்பி ஆர்சிஏ என்றால் இரண்டு மீட்டருக்குள் வைப்பது நல்லது. எக்ஸ்எல்ஆர் உள்ள ஆம்ப்பில், ஒன்றாம் பின் எர்த், இரண்டாம் பின் பாசிட்டிவ், மூன்றாம் பின் நெகட்டிவ். நீண்ட தூரத்துக்கு அதுவே ஏற்றது. சிக்னல் கம்பியும் மின்சாரக் கம்பியும் ஒன்றாகக் கட்டி ஓடக்கூடாது. குறுக்கே போக வேண்டியிருந்தால் செங்குத்தாகக் கடந்து போகட்டும்.

இடமும் அறையும்

ஆம்ப்புக்கு மேலே பத்து சென்டிமீட்டராவது காலி இடம் வேண்டும். கண்ணாடிக் கதவு போட்ட டிவி அலமாரிக்குள் வைப்பது, ஏற்கெனவே 30 டிகிரிக்கு மேல் இருக்கும் அறையில் அதை மூடி வேகவைப்பதற்குச் சமம். மேலே பூச்சாடி, சாமி விளக்கு, துணிவிரிப்பு எதுவும் கூடாது. பகல் முழுவதும் அணைந்து கிடக்கும் ஆம்ப்புக்குள் ஈரம் இறங்கும். வாரத்தில் இரண்டு மூன்று தடவை ஒரு மணி நேரம் பாடவிட்டால் அந்தச் சூட்டிலேயே உலர்ந்துவிடும். அந்த இளஞ்சூட்டைத் தேடித்தான் எறும்பும் பல்லியும் காற்றுத் துளை வழியே உள்ளே போகின்றன. வெளியீட்டு டிரான்சிஸ்டரின் கால்களுக்கு நடுவே கருகிக் கிடக்கும் பல்லி ரிப்பேர் கடைக்காரருக்குப் பழகிய காட்சி. துளைகளைத் துணியால் மூடுவது சூட்டைக் கூட்டும். சுவரோடு ஒட்டாமல், கால் உள்ள மேசையில் வைத்து, சுற்றிலும் தின்பண்டத் துணுக்கு விழாமல் பார்த்துக்கொள்வதுதான் நடைமுறைக்கு உகந்தது.

ஸ்பீக்கர் இரண்டும் கேட்பவரும் சமபக்க முக்கோணமாக அமைய வேண்டும். ட்வீட்டர் உட்கார்ந்தவரின் காது உயரத்தில். டைல்ஸ் தரையும் செங்கல் சுவருமான தாமான் வீட்டு ஹாலில் ஒலி எதிரொலித்துக் கூசும். தரையில் ஒரு பாயோ கம்பளமோ, ஜன்னலில் தடித்த திரையோ போட்டால் எந்த ஆம்ப் மாற்றுவதையும்விட அதிகம் மாறும். நான்கு மீட்டர் அகல அறையில் 43 ஹெர்ட்ஸ் அருகே பாஸ் தேங்கி முழங்கும். ஸ்பீக்கரை மூலையிலிருந்து இழுத்து, பின்சுவரிலிருந்து அரை மீட்டர் தள்ளி வைத்தால் முழக்கம் தணியும். வரிசை வீட்டின் பொதுச்சுவரில் ஸ்பீக்கரைச் சாய்த்து வைத்தால் பாட்டின் பாதியைப் பக்கத்து வீட்டுக்காரரும் கேட்பார், அதுவும் பாஸை மட்டும்.

பலகை லயத்தில் கதை வேறு. மெல்லிய சுவர் பாஸைத் தேக்காமல் வெளியே விட்டுவிடுவதால் முழக்கம் குறைவு, ஒலியும் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். பலகையே அதிர்ந்து சடசடப்பதுதான் தொல்லை. ஸ்பீக்கரைச் சுவரில் மாட்டாமல் கனமான தாங்கியில் தரையில் நிறுத்தினால் தீரும். சிங்க் தகரக் கூரையில் பெருமழை கொட்டும்போது எந்த ஆம்ப்பும் அதோடு போட்டி போட முடியாது. அந்த நேரத்தில் குமிழை ஏற்றுவதுதான் ட்வீட்டருக்கு ஆபத்து, மழை சட்டென்று நின்றதும் காதுக்கும்.

முதல் தடவை

எல்லாக் கம்பியையும் பிளக் வெளியே இருக்கும்போதே இணைத்து முடிக்க வேண்டும். வால்யூம் முழுவதும் கீழே. பிறகு முதலில் சிடி பிளேயர் போன்ற மூலக்கருவி, அடுத்து ப்ரீ ஆம்ப், கடைசியாகப் பவர் ஆம்ப். அணைக்கும்போது தலைகீழ்: பவர் ஆம்ப் முதலில், சில விநாடி கழித்து மற்றவை. வரிசை மாறினால் ப்ரீ ஆம்ப் விழிக்கும்போது எழும் துள்ளலைப் பவர் ஆம்ப் 20 மடங்காக்கி வூஃபருக்கு அனுப்பும். அந்தத் ‘தொம்’ சத்தம் அதுதான். பெரிய டிரான்ஸ்பார்மர் உள்ள ஆம்ப்கள் ஆன் ஆகும் கணத்தில் பெருமளவு மின்னோட்டம் இழுத்து டிபி பெட்டியின் எம்சிபி பிரேக்கரை விழவைக்கலாம். எப்போதாவது என்றால் பொருட்படுத்த வேண்டாம். ஒவ்வொரு தடவையும் என்றால் வயர்மேனிடம் காட்ட வேண்டும்.

பல வருடம் தூங்கிய ஆம்ப்பையோ ரிப்பேரிலிருந்து வந்ததையோ நல்ல ஸ்பீக்கரில் நேரே மாட்டக்கூடாது. ஸ்பீக்கர் இல்லாமல் ஆன் செய்து, வெளியீட்டு முனைகளில் மல்டிமீட்டரை டிசி மில்லிவோல்ட்டில் வைத்துப் பார்க்க வேண்டும். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் சரி. வோல்ட் கணக்கில் காட்டினால் ஸ்பீக்கரை அதன் அருகே கொண்டுபோகவே கூடாது. ரிப்பேர் கடைகளில் முதல் தடவை மின்சாரம் கொடுக்கும்போது வழியில் ஒரு குண்டு பல்பைத் தொடராக வைப்பார்கள். சீரிஸ் பல்பு என்பது அதன் பெயர். பல்பு ஒரு கணம் மின்னி மங்கினால் ஆம்ப் நலம், முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட்.

உறுமல்

பாட்டு இல்லாதபோதும் அடிநாதமாக ஓர் உறுமல் கேட்டால் காரணம் பெரும்பாலும் எர்த் லூப். இரண்டு கருவிகள் இரண்டு வெவ்வேறு வழியில் எர்த்தைத் தொடும்போது, சிக்னல் கம்பியின் உறை வழியே 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் சுற்றி ஓடுகிறது. கண்டுபிடிக்க ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். எல்லாச் சிக்னல் கம்பிகளையும் எடுத்த பிறகும் உறுமினால் ஆம்ப்பிலேயே கோளாறு. கழற்றியதும் நின்றுவிட்டால் ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டி, எதை மாட்டும்போது வருகிறது என்று பார்க்க வேண்டும். மலேசிய வீடுகளில் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஆஸ்ட்ரோ தட்டின் கேபிளும் டிவி ஆண்டெனாவும். அந்தக் கேபிளைப் பெட்டியின் பின்னாலிருந்து திருகி எடுத்ததும் உறுமல் நின்றால் வழி தெரிந்துவிட்டது. கேபிளில் ஓர் ஐசலேட்டரோ, சிக்னல் கம்பியில் ஓர் ஐசலேஷன் டிரான்ஸ்பார்மரோ போட்டால் தீரும். எல்லாக் கருவிகளையும் ஒரே நீள்பெட்டியில் செருகுவதே பாதி லூப்களைத் தீர்த்துவிடும்.

பிளக்கின் எர்த் கம்பியைக் கழற்றினாலும் உறுமல் நிற்கும், அதை ஒரு வைத்தியமாகச் சொல்லிக் கொடுப்பவர்களும் உண்டு. உள்ளே ஒரு கம்பி அறுந்து ஆம்ப்பின் உடம்பைத் தொட்டால், 230 வோல்ட் அங்கேயே நிற்கும். அடுத்துத் தொடும் கைதான் அதற்கு எர்த். எந்த உறுமலுக்காகவும் அதைச் செய்யக்கூடாது. பின்னால் சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறியுள்ள கருவிகள் மட்டும் எர்த் இல்லாமல் இயங்குவதற்கென்றே செய்யப்பட்டவை.

ஸ்பீக்கரும் சிக்னலும் கழற்றிய நிலையிலும் பாதுகாப்பு விளக்கு அணையவில்லை என்றால், அல்லது டிசி அளவு எகிறியிருந்தால், கோளாறு உள்ளே. பிளக்கைக் கழற்றிய பிறகும் பெரிய கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். அதை முறையாக வடிக்கத் தெரியாதவர் மூடியின் திருகாணியைத் தொடாமல் ஆம்ப்பை அப்படியே ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோக வேண்டும்.